பாண்டி பஜாரில் ஒரு பெயர்ப் பலகை

தி. நகர் பாண்டி பஜாரில் ராஜகுமாரி தியேட்டர் எங்கே இருந்தது என்று இன்றைய பிள்ளைகளைக் கேட்டால் விழிப்பார்கள். என் வயதுக்காரர்களுக்கோ அது வழி சொல்ல உதவிய அடையாளம். "ராஜகுமாரி தாண்டி இரண்டாவது கடை" என்றால் போதும், யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். அந்த ராஜகுமாரி கதையில் வரும் இளவரசி அல்ல, டி.ஆர். ராஜகுமாரி என்ற நடிகை. தமிழ் சினிமாவின் முதல் கனவுக்கன்னி என்று நம் அப்பாக்கள் பெருமூச்சோடு சொல்வார்களே, அவர்தான்.

1922-ல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ராஜாயி. தஞ்சாவூரில் இசையையே வாழ்க்கையாகக் கொண்ட குடும்பம்; பாட்டி குஜலாம்பாள் பெயர் பெற்ற பாடகி, சித்தி எஸ்.பி.எல். தனலட்சுமி சினிமா நடிகை. சித்தி வீட்டில் இந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் டைரக்டர் கே. சுப்ரமணியம் 'கச்ச தேவயானி'யில் கதாநாயகியாக்கினார் என்பார்கள். 1941-ல் வந்த அந்தப் படம் அவரை ஒரே நாளில் ஊரறியச் செய்தது.

பிறகு 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்'. பாகவதருக்கு ஜோடியாக ரம்பை என்ற தாசி வேடம். சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளி கண்டது. 1948-ல் எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா'. பிரம்மாண்டமான முரசுகளின் மேல் ஆடும் அந்த நடனத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க முடியுமா? இந்தியிலும் எடுத்து வடநாட்டையே அசத்திய படம் அது.

ஆனால் நான் எழுத வந்தது அவர் அழகைப் பற்றி அல்ல, அவர் கணக்கைப் பற்றி. நாற்பது வருஷம் சர்க்கார் ஆபீஸில் பேரேடு பார்த்தவனுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

சினிமாவில் ஏறினவர் இறங்குவது எத்தனை சடுதியில் என்பதை அவர் பக்கத்திலேயே பார்த்தார். 'ஹரிதாஸ்' வந்த சில வாரங்களில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947-ல் விடுதலையாகி வந்தபோது பழைய மவுசு இல்லை. ராஜகுமாரி தன் மவுசு இருக்கும்போதே தம்பி டி.ஆர். ராமண்ணாவுடன் ஆர்.ஆர். பிக்சர்ஸ் தொடங்கினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' (1954) அவர்கள் தயாரிப்புதான். அது கையைக் கடித்தது. மறு வருஷமே 'குலேபகாவலி' எடுத்து ஈடுகட்டினார்கள்.

நடிப்பிலும் இதே நிதானம். கதாநாயகி வயது தாண்டியதும் 'மனோகரா'வில் வசந்தசேனையாக வந்தார். ஒரு காலத்தில் கொண்டாடிய ஜனங்களே திட்டித் தீர்த்தார்கள். அதுவல்லவா வெற்றி! 1963-ல் 'வானம்பாடி'யோடு போதும் என்று நிறுத்திக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேட்டி, மேடை என்று அலையாமல் 36 வருஷம் அமைதியாக வாழ்ந்து 1999 செப்டம்பரில் காலமானார். அதே தி. நகரில், ஹபிபுல்லா சாலையில் கோலோச்சிய சாவித்திரி எல்லாவற்றையும் இழந்ததை நினைத்தால் இந்த நிதானத்தின் அருமை தெரியும்.

இதற்கெல்லாம் சிகரம் அந்தத் தியேட்டர். நடிகை என்றால் வாடகைக்கு வீடு கொடுக்கவே யோசித்த காலத்தில், ஒரு பெண் நகரின் முக்கியத் தெருவில் கட்டடம் வாங்கித் தன் பெயரையே அதன் நெற்றியில் எழுதினார். தியேட்டர் சொந்தமாக வைத்திருந்த முதல் தமிழ் நடிகை என்று அவரைச் சொல்வார்கள்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். சாரா பெர்னார் என்ற பிரெஞ்சு நாடக நடிகையைப் பற்றி எங்கள் வாத்தியார் பக்திப் பரவசத்தோடு பேசுவார். 1899-ல் பாரிஸ் நகராட்சியிடம் ஒரு நாடக அரங்கைக் குத்தகைக்கு எடுத்துத் தன் பெயரையே வைத்தவர் அந்த அம்மாள். யூத வம்சம் என்பதால் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது அந்தப் பெயரை அழித்தார்கள். பாண்டி பஜாருக்கு முதன்முதல் வந்து ராஜகுமாரி பலகையைப் பார்த்தபோது, "அட, நம்ம ஊரிலும் ஒரு சாரா பெர்னார்!" என்றுதான் எனக்குத் தோன்றியது.

பாரிஸ்காரர்கள் 2023-ல் அரங்கைப் புதுப்பித்துத் திறந்தபோது அவர் பெயரையும் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். நம் ராஜகுமாரி தியேட்டரோ இடிபட்டு, வணிக வளாகமாகி வெகுகாலம் ஆகிறது. இங்கே யாரும் பகைமையால் பெயரை அழிக்கவில்லை, வெறும் மறதிதான். நிலத்தின் விலை தெரிந்த ஊருக்குப் பெயரின் விலை தெரியவில்லை. நடைபாதையை அகலமாக்கி, உட்கார பெஞ்சு போட்டு அழகு பார்க்கிறார்கள், நல்லது. அங்கே ஓர் ஓரமாக, "இவ்விடத்தில் டி.ஆர். ராஜகுமாரி தன் பெயரில் தியேட்டர் நடத்தினார்" என்று ஒரு சின்னக் கல் பதித்தால் என்ன செலவாகிவிடும்?

அந்தத் தியேட்டரில் நீங்கள் கடைசியாகப் பார்த்த படம் எது? நினைவிருப்பவர்கள் எழுதுங்கள். கல்லில் இல்லாவிட்டாலும் எழுத்திலாவது இருக்கட்டும்.