நிலைத்த பற்று: ஓர் ஆங்கிலச் சொற்றொடரும் மலையகத் தமிழரும்

உள்ளத்தின் அடியில் உறையும் உணர்வுகளை நேரே சுட்டும் சொற்கள் எம்மொழியிலும் அரியன. கண்ணுக்குப் புலனாகும் பொருள்களின் பெயர்களை இரவல் பெற்றே மொழிகள் அவற்றைக் குறிக்கின்றன. ஆங்கிலத்தில் துணிவைக் குறிக்கும் ‘கரேஜ்’ என்னும் சொல், இதயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிரெஞ்சின் வழியாக வந்தது. குணத்தில் நீங்காது படிந்ததை ‘இன்கிரெயின்ட்’ என்பர்; இது சாயத்தொழிலிற் பிறந்த வழக்காகும். கேர்மிஸ் என்னும் பூச்சியினின்று எடுத்த செஞ்சாயம் தானியமணி போன்று தோன்றியமையால் ‘கிரெயின்’ எனப்பட்டது. அதில் தோய்ந்த துணியின் நிறம் எளிதில் வெளுப்பதில்லை. தமிழரும் ‘குருதியில் ஊறிய குணம்’ என்றும், ‘வேரூன்றிய நட்பு’ என்றும் இவ்வாறே வழங்குவர்.

இத்தகைய சொற்கள் கவிதையிலும் உரையாடலிலும் நிற்குமளவும் அவற்றால் தீங்கில்லை. அவை அரசாங்கப் பத்திரத்தில் இடம்பெறும்போது நிகழ்வது யாது? இலங்கை மலைநாட்டின் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகின்றது.

1927இல் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழு, அடுத்த ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டது. கல்வியும் சொத்தும் உடையார்க்கே வாக்கு என்னும் முறையை ஒழித்து, வளர்ந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்க வேண்டுமென அது பரிந்துரைத்தது. அதேவேளை, ஐந்தாண்டு வதிவு என்னும் தகுதியையும் விதித்தது. நாட்டின்மீது ‘அபைடிங் இன்டரெஸ்ட்’ உடையோரும், நிலையாகக் குடியேறியோராகக் கருதத்தக்கோருமே வாக்களித்தல் வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். இந்நிபந்தனை தோட்டத் தொழிலாளரையே பெரிதும் நோக்கியது என்பதில் ஐயமில்லை.

அச்சொற்றொடரின் இரு உறுப்புகளையும் பிரித்து நோக்குதல் தகும். ‘அபைட்’ என்பது தங்குதல், காத்திருத்தல், பொறுத்திருத்தல் எனப் பொருள்படும் பழைய ஆங்கில வினை. உறைவிடத்தைக் குறிக்கும் ‘அபோட்’ என்னும் சொல்லும் இவ்வேரினின்றே தோன்றியது. ‘இன்டரெஸ்ட்’ என்பதோ ‘இடையில் இருத்தல்’ என்னும் இலத்தீன் வினையின் வழி வந்தது. சட்ட வழக்கில் அது ஒருவர்க்கு ஒரு பொருளில் உள்ள உரித்தையும் பங்கையும் குறித்தது. பின்னரே மனத்தின் ஈடுபாட்டையும் குறிக்கலாயிற்று. கடன்மேற் பெறும் வட்டிக்கும் அதுவே பெயர். ஆகவே ‘அபைடிங் இன்டரெஸ்ட்’ என்பதை ‘நிலைத்த பற்று’ எனவும் பெயர்க்கலாம். ‘நிலைத்த நலன்’ எனவும் பெயர்க்கலாம். முன்னது உள்ளத்தைச் சார்ந்தது. பின்னது உடைமையைச் சார்ந்தது. ஆங்கிலச் சொல் இரண்டிற்கும் இடையில் நின்றது. தமிழோ இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்குமாறு வற்புறுத்துகின்றது.

உடப்புசல்லாவை, இராகலை, கந்தப்பளை முதலிய பகுதிகளில் வாழ்ந்த தமிழர்க்கு இவ்விரண்டில் எது இருந்தது? கோப்பிக் காலத்தில் அறுவடைப் பருவத்திற்குத் தமிழகத்தினின்று வந்து, பருவம் முடிந்தபின் மீள்வோர் பலராயினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன்பின் பரவிய தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆண்டு முழுவதும் தொழிலாளர் வேண்டும். ஆதலால் குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர். முதியோர் அம்மண்ணிலேயே அடக்கமாயினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற சிறு இருப்புப்பாதை உடப்புசல்லாவையின் பெயராலேயே வழங்கிற்று. அப்பகுதித் தேயிலை உலகச் சந்தையை அடைந்தது. எனினும் தொழிலாளி உறைந்த லயமும், அது நின்ற நிலமும் தோட்டத்திற்கே உரியவை. நிலைத்த வாழ்வு இருந்தது. நிலத்தில் உரித்து இல்லை. ‘அபைடிங்’ உண்டு, ‘அபோட்’ தமதன்று என்பதே அவர்தம் நிலை.

ஆணைக்குழுவின் பரிந்துரை சட்டசபையில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஐந்தாண்டு வதிவு போதாதென்றும், அதனால் இந்தியத் தொழிலாளர் பெருந்தொகையாக வாக்குரிமை பெறுவரென்றும் சிங்களப் பிரதிநிதிகள் வாதிட்டனர். தேசாதிபதி ஹேர்பேட் ஸ்டான்லி ஒரு மாற்றத்தைப் பரிந்துரைத்தார். அதன்படி 1931ஆம் ஆண்டின் தேர்தலுக்கு ‘டொமிசைல்’ என்னும் நிலைவதிவு அடிப்படைத் தகுதியாயிற்று. அஃதில்லார், கல்வி அல்லது சொத்துத் தகுதியாலோ, நிலையாகக் குடியேறியமைக்கான சான்றிதழாலோ வாக்குரிமை பெறலாம். இல்லத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே ‘டொமிசைல்’ என்பதன் மூலம். தாமே தெரிந்துகொண்ட ஓர் இடம் ஒருவர்க்கு நிலைவதிவாதற்கு வதிதல் மட்டும் போதாது. அங்கேயே தங்கிவிடும் எண்ணமும் வேண்டும் என்பது சட்டக் கொள்கை. அவ்வெண்ணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு, எழுத்தறிவு குறைந்த ஏழைத் தொழிலாளியின் தோள்மேல் விழுந்தது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் புகுந்தனர். நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து ஸி. வி. வேலுப்பிள்ளையும் அவருள் அடங்குவர். மறு ஆண்டிலேயே இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர் என்றோ காட்டினாலன்றி வம்சாவளிப் பிரசையாதல் இயலாதாயிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பிரசாவுரிமை கோரினர். ஏறத்தாழ 1,34,000 பேருக்கே அது கிட்டியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஒருவரும் தெரிவாகவில்லை. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. பற்று என்னும் பேச்சு முற்றாக மறைந்து, எண்ணிக்கை மட்டுமே நின்றது. நாடற்றோர் நிலையை நீக்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் நிறைவேறின.

எனினும் அம்மக்களின் உள்ளத்தை ஆங்கிலத்தில் எழுதும் பணி ஆட்சியாளரோடு முடிந்துவிடவில்லை. 1914இல் மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த வேலுப்பிள்ளை, ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்னும் நெடுங்கவிதையை ஆங்கிலத்திலேயே பாடினார். தேயிலையின் அடியில் பெயரின்றி உறங்கும் உழைப்பாளரே அதன் பொருளாவர். சக்தீ பால ஐயா அதனைத் தமிழாக்கினார். 1970இல் வெளிவந்த ‘போர்ன் டு லேபர்’ என்னும் உரைநடை நூல் தோட்டத்து மாந்தரின் வாழ்க்கையைத் தீட்டியது. மலைநாட்டு நாட்டார் பாடல்களையும் அவர் தேடித் தொகுத்தார். எந்த மொழியில் இம்மக்களின் பற்று ஐயுறப்பட்டதோ, அந்த மொழியிலேயே அவர்களுள் ஒருவர் விடை எழுதினார்.

இவ்வரலாறு உணர்த்தும் பாடம் எளியது. ஒருவர் ஒரு நாட்டில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதை அரசு எண்ணலாம். அங்கு எவ்வளவு உழைத்தார் என்பதையும் அளக்கலாம். அவர் உள்ளத்திற் பற்று உண்டோ இல்லையோ என அளத்தற்குக் கருவி யாதும் இல்லை. அத்தகைய சொல்லைச் சட்டத்தின் வாயிலில் நிறுத்தும்போது, அதன் பொருளைத் தீர்மானிக்கும் அதிகாரம் வலியோர் கைக்கே சேர்கின்றது. பற்று என்னும் தமிழ்ச்சொல் ‘பிடித்தல்’ என்னும் வினையினின்று பிறந்தது. கடுங்குளிரிலும் மழையிலும் தலைமுறை தலைமுறையாக அம்மலைச் சரிவைப் பிடித்து நின்றோரின் பற்றுக்கு, அவர்தம் உழைப்பிலும் சிறந்த சான்று வேறில்லை.