பிசினஸ் ஜெட்: கேபின், வேகம், செலவு... எதில் எது முந்துகிறது?

"பிரைவேட் ஜெட்டில் வந்து இறங்கினார்" என்ற வரியை செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். ஆனா, எல்லா பிரைவேட் ஜெட்டும் ஒண்ணு கிடையாது. சுமார் 10 மில்லியன் டாலருக்கும் ஜெட் இருக்கு, 75 மில்லியன் டாலர் அளவிலும் இருக்கு. இவ்வளவு வித்தியாசம் ஏன்? 4 மாடல்களை வைத்துப் பார்க்கலாம்.

எந்த கேபின் பெருசு?

உயரத்தில் முதலிடம் பிரான்ஸின் டசால்ட் ஃபால்கன் 6எக்ஸ். கேபின் உயரம் 1.98 மீட்டர், அகலம் 2.58 மீட்டர். அமெரிக்காவின் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி700-ல் உயரம் 1.91 மீட்டர், கனடாவின் பம்பார்டியர் குளோபல் 7500-ல் 1.88 மீட்டர். ஆனால், நீளத்தில் இந்த இரண்டும்தான் டாப். தனி படுக்கையறையே அமைக்கலாம். பிரேசிலின் எம்ப்ரேயர் ஃபினோம் 300ஈ சின்ன ஜெட். உயரம் 1.5 மீட்டர்தான், குனிஞ்சுதான் நடக்கணும்.

களைப்பு ஏன் குறைகிறது?

வசதி என்பது சோபா மட்டும் இல்லை, காற்றழுத்தமும்தான். சாதாரண பயணிகள் விமானத்தின் கேபினில் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்ற அழுத்தம் இருக்கும். ஊட்டியின் உயரமே சுமார் 7,300 அடி. ஜி700, 41,000 அடியில் பறந்தாலும் கேபினில் 3,000 அடிக்கும் குறைவான உயரத்தில் இருக்கும் அழுத்தம்தான். நீண்ட பயணத்தில் உடம்புக்கு இது பெரிய நிம்மதி.

எவ்வளவு தூரம் போகும்?

ஜி700: 14,353 கி.மீ.
குளோபல் 7500: 14,260 கி.மீ.
ஃபால்கன் 6எக்ஸ்: 10,186 கி.மீ.
ஃபினோம் 300ஈ: சுமார் 3,720 கி.மீ.

லண்டன் - சிங்கப்பூர் தூரம் சுமார் 10,900 கி.மீ. முதல் இரண்டும் நிற்காமல் போயிடும். 6எக்ஸ் நடுவில் ஒருமுறை இறங்கி எரிபொருள் நிரப்பணும்.

இங்கே ஒன்றை கவனிக்கணும். ஜி700-க்குச் சொல்லும் தூரம் மேக் 0.85 வேகத்துக்கானது. மேக் 0.90-ல் பறந்தால் அது சுமார் 12,300 கி.மீ ஆகக் குறையும். அதாவது, வேகம் கூடினால் தூரம் குறையும்.

செலவு எவ்வளவு?

ஜி700, குளோபல் 7500 இரண்டும் சுமார் 75 மில்லியன் டாலர் ரகம். 6எக்ஸ் அறிமுகமானபோது சொன்ன விலை 47 மில்லியன் டாலர். வாங்குவதோடு முடிவதில்லை. பைலட் சம்பளம், ஹேங்கர் வாடகை, இன்சூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் விமானம் சும்மா நின்றாலும் ஓடும். ஃபினோம் 300ஈ-யை ஒரே பைலட் ஓட்டலாம் என்பதால் அதில் செலவு குறையும்.

அதனால்தான் குறைவாகப் பறப்பவர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள். விமானத்தில் ஒரு பங்கை மட்டும் வாங்கும் முறையும் உண்டு. இதை 1986-ல் தொடங்கி வைத்தது நெட்ஜெட்ஸ்.

இன்னொரு விலையும் உண்டு. பயணி ஒருவருக்குக் கணக்கிட்டால், பிரைவேட் ஜெட்கள் சாதாரண விமானங்களைவிட 5 முதல் 14 மடங்கு மாசு தருவதாக 'டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட்' என்ற ஐரோப்பிய அமைப்பு 2021-ல் கூறியது.

அப்போ எது பெஸ்ட்?

கண்டம் தாண்டி நிற்காமல் போக ஜி700 அல்லது குளோபல் 7500. உயரமான கேபின், கொஞ்சம் குறைந்த விலை என்றால் 6எக்ஸ். பக்கத்து நாடுகளுக்கு மட்டும் என்றால் ஃபினோமே போதும்.