தொல்சூழல் டி.என்.ஏ.

'தொல்' என்றால் பழைய. தொன்மை, தொல்லியல் எல்லாம் இதன் கிளைகள். 'சூழ்' என்ற வினையிலிருந்து பிறந்தது சூழல்: ஓர் உயிரைச் சுற்றியுள்ள மண், நீர், காற்று, பிற உயிர்கள்.

இத்தொடர் எலும்பிலிருந்தோ பல்லிலிருந்தோ எடுக்கும் டி.என்.ஏ.வைக் குறிப்பதில்லை. சாணம், சிறுநீர், உதிர்ந்த மயிர், மட்கிய வேர் வழியாக மண்ணில் கலந்து தங்கிய துணுக்குகளையே குறிக்கிறது. களிமண்ணின் கனிமத் துகள்களில் அவை ஒட்டிக்கொள்கின்றன. குளிர் அவற்றை நெடுங்காலம் காக்கிறது.

வடக்கு கிரீன்லாந்தின் காப் கோபன்ஹாவன் படிவுகளில் கிடைத்த துணுக்குகள் சுமார் 20 லட்சம் ஆண்டுப் பழையவை. எஸ்கே வில்லர்ஸ்லெவ், குர்ட் கேயர் குழுவினர் 2022-இல் முடிவுகளை வெளியிட்டனர். இன்று குளிர்ப்பாலையாகக் கிடக்கும் அவ்விடத்தில் அன்று பாப்லரும் பிர்ச்சும் நின்றன. கலைமானும் முயலும் மேய்ந்தன. யானைக்கு உறவான மாஸ்டோடானும் அங்கே திரிந்திருக்கிறது. கிரீன்லாந்தில் அதன் எலும்பு ஒன்றுகூட அதுவரை அகப்பட்டதில்லை, மண்தான் காட்டிக்கொடுத்தது!

தொல்சூழல் டி.என்.ஏ.வைத் 'தொல்மரபணு' என்று சுருக்குவது சரியன்று. மரபணு என்பது ஜீன். மண்ணில் கிடைப்பவையோ மிகச் சிறிய டி.என்.ஏ. துணுக்குகள், பெரும்பாலும் முழு ஜீன் எதுவும் அவற்றில் இராது.