ஒளிப்படத் திறனாய்வு

ஒளிப்படத் திறனாய்வு என்பது ஓர் ஒளிப்படத்தை உற்றுநோக்கி, அதன் பொருளையும் தரத்தையும் காரணங்களுடன் எடுத்துரைக்கும் முறை ஆகும். குறை கூறுவது மட்டுமே திறனாய்வு அன்று. "அழகாக உள்ளது", "பிடிக்கவில்லை" என்பன விருப்பு வெறுப்புகளே. அவற்றுக்கான காரணத்தைப் படத்திலிருந்தே சுட்டும்போது அவை திறனாய்வு ஆகின்றன. ஒளிப்படம் உண்மை நிகழ்வின் பதிவாகக் கருதப்படுவதால், படம் காட்டுவது எது, படத்தைப் பற்றிப் பிறர் கூறுவது எது என்று பிரித்தறிவது இத்துறையில் முதன்மையானது.

படிநிலைகள்

அமெரிக்கக் கலைக் கல்வியாளர் எட்மண்ட் பர்க் ஃபெல்ட்மன் கலைப் படைப்புகளுக்காக வகுத்த நான்கு படிநிலைகள் ஒளிப்படங்களுக்கும் பயன்படுகின்றன.

* விவரித்தல்: படத்தில் கண்ணுக்குத் தெரிவனவற்றை மட்டும் கூறல். "சோகமான பெண்" என்பது விவரிப்பு அன்று. "நெற்றி சுருங்கிய பெண்" என்பதே விவரிப்பு.
* பகுத்தாய்தல்: ஒளி வரும் திசை, தெளிவாகவும் மங்கலாகவும் உள்ள பகுதிகள், கருவி இருந்த இடம், சட்டகத்துக்குள் சேர்த்தவை, விலக்கியவை ஆகியன எவ்வாறு இணைந்து செயற்படுகின்றன என ஆராய்தல்.
* பொருள்கொள்ளல்: படம் உணர்த்துவதை மேற்கண்ட சான்றுகளைக் கொண்டு விளக்கல்.
* மதிப்பிடல்: படம் தன் நோக்கத்தை எந்த அளவு நிறைவேற்றுகிறது என முடிவு கூறல். செய்திப் படத்துக்கும் விளம்பரப் படத்துக்கும் அளவுகோல் ஒன்றன்று.

எடுத்துக்காட்டு

டோரதியா லாங் 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் எடுத்த "புலம்பெயர் தாய்" பெரிதும் திறனாயப்பட்ட படங்களுள் ஒன்று. நடுவில் ஒரு பெண், கையை முகத்தருகே வைத்து, சட்டகத்துக்கு வெளியே நோக்குகிறார். இரு குழந்தைகள் முகத்தைத் திருப்பி அவர் தோள்களில் சாய்ந்துள்ளனர்; மடியில் ஒரு கைக்குழந்தை.

குழந்தைகளின் முகங்கள் மறைந்திருப்பதால் பார்வை தாயின் முகத்திலேயே நிலைக்கிறது. நெருக்கமான சட்டகம் சுற்றுப்புறத்தை விலக்கிவிடுகிறது. லாங் அதே இடத்தில் எடுத்த வேறு படங்களில் கூடாரமும் பிற பிள்ளைகளும் தெரிகின்றனர். அவற்றுடன் ஒப்பிட்டால், இப்படத்தின் ஆற்றல் எதைக் காட்டியது என்பதில் மட்டுமன்றி எதை விலக்கியது என்பதிலும் இருப்பது புலப்படும். கீழ் மூலையில் தெரிந்த ஒரு பெருவிரல் பின்னர் திருத்தி மங்கலாக்கப்பட்டது. ஆவணப் படத்தில் இத்தகைய திருத்தம் தகுமா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது.

படத்துக்கு வெளியே உள்ள செய்திகள்

லாங் அப்பெண்ணின் பெயரைக் கேட்டறியவில்லை. அவர் புளோரன்சு ஓவன்சு தாம்சன் என்பது 1978 இல் தெரியவந்தது. உணவுக்காக வண்டியின் சக்கர உறைகளை அவர் விற்றதாக லாங் எழுதியதைக் குடும்பத்தினர் மறுத்தனர். உலகப் புகழ்பெற்ற அப்படத்தால் தமக்கு எப்பயனும் கிட்டவில்லை எனத் தாம்சன் வருந்தினார்.

இச்செய்திகள் படத்தின் அமைப்பை மாற்றுவதில்லை. ஆனால் அதன் பொருளையும் அறத்தையும் பற்றிய மதிப்பீட்டை மாற்றக்கூடியன. ஆகவே திறனாய்வாளர் முதலில் தலைப்பையும் குறிப்பையும் ஒதுக்கிவிட்டுப் படத்தைப் பார்ப்பதும், பின்னர் அவற்றைப் படித்துத் தம் முடிவை மீளாய்வதும் பயனுள்ள முறையாகும்.

இவற்றையும் பார்க்க

* ஒளிப்படவியல்
* கலைத் திறனாய்வு
* ஆவண ஒளிப்படம்