அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆட்சிமுறை

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், ஆசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் இடையில் அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டது, எங்கே பங்கிடப்படவில்லை என்பதை அறிய ஏற்ற களம். அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் தம் கல்வி நிறுவனங்களோடு 20 லட்சம் ரூபாயையும் தர முன்வந்தார். அதன்பேரில் இயற்றப்பட்ட 1928-ஆம் ஆண்டுச் சட்டம் 1929 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. செனட், சிண்டிகேட், கல்விக்குழு என்ற அவைகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1923 முதலே இருந்தவைதாம். இங்கே புதிதாகச் சேர்ந்தது நிறுவனர் குடும்பத்தின் பரம்பரை உரிமை. இணைவேந்தர் பதவி அக்குடும்பத்தில் தங்கியது. துணைவேந்தர் தேர்விலும் அதன் சொல்லுக்கே எடை. பாடத்திட்டம் ஆசிரியர் கையில், கஜானாச் சாவி வேறு கையில் என்ற இந்தப் பாகுபாடே பின்னாளைய சிக்கலின் வேர் எனலாம்.

குடும்ப ஆட்சியில்தானே பல்கலைக்கழகம் புகழ்பெற்றது என்று கேட்கலாம். உண்மைதான். 1935 முதல் 1940 வரை வி.எஸ். சீனிவாச சாஸ்திரி துணைவேந்தராக இருந்தார்; தமிழிசை இயக்கத்துக்கும் இந்த வளாகம் ஊன்றுகோலானது. ஆனால் அச்சிறப்பு ஆட்களின் தகுதியால் வந்தது, விதிகளால் அல்ல. ஆள் மாறினால் தடுத்துக் கேட்கும் இடம் எந்த அவையிலும் பலமாக இல்லை. 2012 இறுதியில் நிதி நெருக்கடி முற்றி, ஊதியக் குறைப்பும் ஆட்குறைப்பும் பேச்சில் அடிபட்டபோது, ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் இறங்கினர். அவையில் கேட்க வேண்டிய கணக்கைத் தெருவில் கேட்க நேர்ந்தது. தேவைக்கு மிஞ்சிய நியமனங்களால் பயன்பெற்றவர்களும் ஊழியர்களே, அவர்களிடம் நிதி அதிகாரம் தந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்பது இன்னொரு வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் ஆண்டுதோறும் வரவுசெலவைப் பார்க்கும் துறைத்தலைவர், தம் துறையில் வேலையில்லாத இருக்கை நிரம்புவதை முதலிலேயே அறிவார். மறைவில் நடக்கும் நியமனமே கட்டுமீறும்.

2013 ஏப்ரலில் தமிழக அரசு ஷிவ் தாஸ் மீனா என்ற இந்திய ஆட்சிப்பணி அதிகாரியை நிர்வாகியாக அமர்த்தியது. அதே ஆண்டு வந்த புதிய சட்டம் நிறுவனர் குடும்பத்தின் உரிமைகளை நீக்கியது. சம்பளத்துக்கு அரசு பொறுப்பேற்றது, அது பெரிய ஆறுதல். ஆனால் இணைவேந்தர் நாற்காலி குடும்பத்திடமிருந்து உயர்கல்வி அமைச்சருக்குப் போனதே தவிர, ஆசிரியர் பக்கம் நகரவில்லை. மிகையாக இருந்த ஆசிரியர்கள் பணிநிரவல் முறையில் அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டனர். 2021-இல் விழுப்புரத்தில் தொடங்கிய பல்கலைக்கழகத்தை இதனுடன் இணைக்கும் சட்டம் நிறைவேறியது. அதன்பின், தனி வளாகப் பல்கலைக்கழகமாகவே பிறந்த இது, கடலூர் மாவட்டக் கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பல்கலைக்கழகமாகவும் ஆகிவிட்டது.