பதினோரு தாளில் ஒன்று பசுவுடையது

நம் வயதுக்காரர்களின் மேற்கையில் வட்டமாகத் தழும்பு இருக்கும், அம்மை குத்திய தழும்பு. குத்திய மருந்துக்கு 'அம்மைப்பால்' என்று பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் பசுவை 'வாஷ்' என்று படித்தோம். வாக்சின் என்ற சொல்லும் பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். 1796இல் எட்வர்டு ஜென்னர் பசு அம்மைக் கொப்புளத்து நீரை ஒரு சிறுவனுக்குக் குத்தியதால் ஒட்டிக்கொண்ட பெயர். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். மாடு நம் குழந்தைகளுக்கு இன்னொரு முறை உதவியது பலருக்குத் தெரியாது.

கைக்குழந்தைக்குப் பேதியானால் அந்தக் காலத்தில் காரணத்துக்குக் குறைவில்லை. பல் முளைக்கிறது என்பார்கள், மாந்தம் என்பார்கள், கண் பட்டுவிட்டது என்பார்கள். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவார்கள். பாட்டிகளைக் குறை சொல்வதில் பயனில்லை, பெரிய ஆஸ்பத்திரிகளிலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு எந்தக் கிருமி என்று தெரியவில்லை. 1973இல் மெல்பர்ன் குழந்தைகள் மருத்துவமனையில் ரூத் பிஷப்பும் அவருடன் இருந்தவர்களும் நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். உருண்டை உருண்டையாக வைரஸ் தெரிந்தது. பர்மிங்காமில் தாமஸ் ஃபிளூவெட் அதை வண்டிச் சக்கரம் போல இருப்பதாகக் கண்டு, சக்கரத்துக்கான லத்தீன் சொல்லை எடுத்து 'ரோட்டா' என்று பெயர் வைத்தார்.

இதில் கால்நடை மருத்துவர்கள்தான் முந்திக்கொண்டவர்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1969லேயே சார்லஸ் மீபஸ் கன்றுக்குட்டிகளின் கழிச்சலில் இதே சாதி வைரஸைக் கண்டிருந்தார். பிறகு பன்றி, குதிரை, ஆடு, கோழி என்று எதைப் பார்த்தாலும் அதற்கும் ஒரு ரோட்டா இருந்தது.

இத்தனை வகை எப்படி வந்தது? ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். இந்த வைரஸின் மரபுச் செய்தி ஒரே நீளச் சுருளாக இல்லை. பதினோரு தனித்தாள்களைக் கட்டி வைத்த கோப்பு மாதிரி. ஒரே குடல் செல்லுக்குள் இரண்டு வகை வைரஸ் புகுந்துவிட்டால், ஒரே மேசையில் இரண்டு கோப்பை அவிழ்த்துப் போட்ட கதைதான். திருப்பிக் கட்டும்போது இதில் உள்ள தாள் அதற்குப் போய்விடும். மனித வைரஸும் மாட்டு வைரஸும் இப்படிக் கலப்பதுண்டு. மேலுறையில் உள்ள இரண்டு புரதங்களை வைத்து ஜி இத்தனை, பி இத்தனை என்று விஞ்ஞானிகள் எண் போடுகிறார்கள்.

ஜென்னர் வழியிலேயே கன்றின் வைரஸை அப்படியே குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நெப்ராஸ்கா கன்று வைரஸிலிருந்து பெல்ஜியத்தில் மருந்து செய்தார்கள். பின்லாந்தில் நன்றாக வேலை செய்தது. ருவாண்டாவில், எங்கள் பள்ளி அட்லாஸில் ருவாண்டா-உருண்டி என்று சேர்த்துப் போட்டிருந்த நாட்டில், பயன்படவில்லை. அமெரிக்காவில் குரங்கு வைரஸைக் கொண்டு செய்த மருந்து 1998இல் வந்தது. சில குழந்தைகளுக்குக் குடலுக்குள் குடல் செருகிக்கொள்ளவே 1999இல் திரும்பப் பெற்றார்கள்.

இதற்கெல்லாம் நடுவில், 1980களின் மத்தியில், டெல்லி எய்ம்ஸில் ஒரு விசேஷம் நடந்துகொண்டிருந்தது. பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் அறையில் ரோட்டா பரவியிருந்தது. மலத்தில் வைரஸ் இருக்கிறது, குழந்தைக்கோ பேதி இல்லை! வேறு யாராவது இருந்தால் நோயில்லை என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள். டாக்டர் எம்.கே. பான் மூடவில்லை. அந்தக் குழந்தைகளை வீடு போன பிறகும் தொடர்ந்து கவனிக்கச் செய்தார். அவர்களுக்குப் பிறகு ரோட்டா பேதி வருவது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. இயற்கையே சொட்டு மருந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த வைரஸுக்கு 116இ என்று எண். பிரித்துப் பார்த்தால் பத்துத் தாள் மனித வைரஸுடையது, மேலுறைக்கான ஒரு தாள் மட்டும் மாட்டு வைரஸுடையது.

பெங்களூரிலும் இப்படியே நோயில்லாத பச்சிளங் குழந்தைகளிடம் ஒரு வைரஸ் கிடைத்தது. இந்திய அறிவியல் கழகத்தில் துர்கா ராவ் ஆராய்ந்தார். அதில் கணக்கு தலைகீழ்: ஒன்பது தாள் மாட்டுடையது, இரண்டுதான் மனிதனுடையது. இரண்டையும் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது டெல்லி வைரஸே அதிக எதிர்ப்புச் சக்தி உண்டாக்கியது.

வேலூர் சி.எம்.சி.யில் ககன்தீப் காங்கின் குழுவினர் பார்த்த கதை இவ்வளவு இனிமையானதல்ல. அங்கே பச்சிளங் குழந்தைகளிடம் பரவியது பெங்களூர் வைரஸின் வகையைச் சேர்ந்ததுதான், ஆனால் பல குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாறு வந்தது. ஒருமுறை வந்த குழந்தைக்கு மறுபடி வராது என்ற நிலையும் இல்லை. மாட்டின் தாள் சேர்ந்தாலே நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிட முடியாது.

116இ-ஐ ஹைதராபாத் பாரத் பயோடெக் மருந்தாக்கியது. டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதியை 56 சதவீதம் குறைத்தது. இவ்வளவுதானா என்று கேட்கலாம். இந்த நோயால் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் இறப்பதாக மதிப்பிட்டிருந்த காலம் அது. அதில் பாதி என்றால் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். விலையும் ஒரு டோஸ் ஒரு டாலர் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். 2015 மார்ச்சில் வெளியிட்டார்கள், அடுத்த ஆண்டு ஒடிசா, ஆந்திரம், ஹரியானா, இமாசலத்தில் அரசே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2017இல் வந்தது. டாக்டர் பான் 2020 ஜனவரி 26 அன்று காலமானார்.

உப்பு-சர்க்கரைக் கரைசல் இதனால் வேண்டாம் என்று ஆகிவிடாது. பேதிக்கு வேறு கிருமிகளும் உண்டு. வீட்டில் பேரன் பேத்தி பிறந்திருந்தால் தடுப்பூசி அட்டையை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். 6, 10, 14 வாரம் என்று மூன்று கட்டத்தில் ரோட்டா என்று எழுதியிருக்கும். மூன்றிலும் தேதி போட்டிருக்க வேண்டும்.