திருமுடிவாக்கத்தில் ஒரு திணறல்

தாம்பரத்திலிருந்து சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்குச் செல்வோர் திருநீர்மலையைத் தாண்டித் திருமுடிவாக்கம் வழியாகப் போகலாம். 'பாக்கம்' என்னும் பழஞ்சொல்லே ஊர்ப்பெயர்களின் ஈற்றில் 'வாக்கம்' என்று திரிந்து நிற்கிறது. இன்று அவ்வூரின் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருவது சிட்கோ தொழிற்பேட்டைதான். கடைசல் இயந்திரங்களின் ஓசை சாலைவரை கேட்கும்.

அந்தச் சாலையில்தான் நம் பழைய வண்டி வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கியது. கைப்பிடியைச் சற்றே முறுக்கினால் ஒரு கணம் ஒன்றுமில்லை. மறுகணம் முன்னே பாய்ந்தது. பின்னால் அமர்ந்திருந்த நண்பர் இருமுறை நம் முதுகில் மோதினார். எதிரே மண் லாரிகள் வந்துகொண்டிருந்தமையால் இது நகைப்புக்குரிய செய்தியாக இருக்கவில்லை. சாலையோரத்தில் ஒரு பட்டறை தென்பட, அங்கே நிறுத்தினோம்.

"மிஸ்ஸிங் அடிக்குது ஐயா" என்றோம். பெரியவர் வண்டியை முடுக்கிச் சிறிது கேட்டார். "மிஸ்ஸிங் இல்ல சார், ஜெர்க்கு. ரெண்டும் வேற" என்றார். தமிழ் பயிற்றுவிக்கும் நமக்குச் சொற்பொருள் வேறுபாட்டை ஒருவர் திருத்தியது அன்று அங்கேதான்!

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஹாண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்த்தார். கேபிள் இறுக்கமாக இருந்தால் திருப்பும்போது வேகம் தானே ஏறும்; ஏறவில்லை. மாறாகத் தளர்வு மிகுந்திருந்தது. கைப்பிடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சும்மா சுழன்றால் போதும். அதற்கு மேல் சுழன்றால் முதலில் வெறுமையும் பிறகு பாய்ச்சலும் வரும். கேபிளைச் சரிசெய்தும் குறை முழுவதும் நீங்கவில்லை. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். பெட்ரோலுக்கு அடியில் முத்துப்போல இரண்டு துளி நீர், சிறிது துரு. சிறு திறப்பில் எரிபொருள் தரும் பைலட் ஜெட்டின் கண் பாதி அடைந்திருந்தது. கம்பியால் குத்தாமல் காற்றடித்தே தூய்மை செய்தார். கம்பி பட்டால் பித்தளைத் துளை பெருகிவிடுமாம்.

இந்தச் சிறு பித்தளைத் துளையின் வரலாறு பெரிது. பெட்ரோலை நுண்துளை வழியே தெளித்துக் காற்றுடன் கலக்கும் முறைக்கு ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோன்கா இருவரும் 1893-ஆம் ஆண்டிலேயே தனித்தனியே வடிவம் கொடுத்தனர். தொடக்க கால மோட்டார் சைக்கிள்களில் காற்றுக்கு ஒரு நெம்புகோல், தீப்பொறிக்கு ஒரு நெம்புகோல் என்று ஓட்டுபவரே இடைவிடாது சமன்செய்ய வேண்டியிருந்தது. 1927-இல் மூன்று ஆங்கிலேய நிறுவனங்கள் இணைந்து 'அமல்' உருவாயிற்று. அதன் கார்புரேட்டரில் கைப்பிடி முறுக்கினால் உருளையொன்று உயரும். அதனுடன் கூர்ந்த ஊசியும் உயர்ந்து பெட்ரோலுக்கு வழிவிடும். முதற் கால் பங்குத் திறப்பு பைலட் ஜெட்டுக்கும் உருளையின் வெட்டுக்கும் உரியது, நடுப்பகுதி ஊசிக்கு, முழுத்திறப்பு பெரிய ஜெட்டுக்கு. எந்த இடத்தில் வண்டி திணறுகிறது என்று தெரிந்தால் எதைக் கழற்றுவது என்பதும் தெரிந்துவிடும். பெரியவர் முதலில் நம்மிடம் கேட்டதும் அதுதான்.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. தாய் நிறுவனம் 1970-இல் மூடப்பட்ட பின்னரும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. அமலின் உரிமம் பெற்றுத் தொழில் பயின்ற ஜப்பானிய மிகுனியின் கூட்டுறவுடன் 1985-இல் யூகால் தோன்றி, மறைமலைநகரில் கார்புரேட்டர்களைச் செய்தது. பல்லாவரத்தில் வாழ்ந்து 1950-இல் மறைந்த தனித்தமிழ் அறிஞரின் பெயர் தாங்கிய ஊரில், இன்றுவரை நம் நாவில் தமிழ்ப்பெயர் ஊன்றாத ஒரு பொருள்! அடிகள் இருந்திருந்தால் ஒரு சொல் தந்திருப்பார். பட்டறையில் அது செல்லுபடியாகியிருக்குமா என்பது வேறு.

அந்த மரபு 2020 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளில் ஏறத்தாழ முடிந்தது. பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகளின் புகைக்கட்டுப்பாட்டுக்கு கார்புரேட்டர் ஈடுகொடுக்கவில்லை. புல்லட் 350-உம் அவ்வாண்டே எரிபொருள் பீய்ச்சும் முறைக்கு மாறியது. திணறல் மட்டும் ஒழியவில்லை. புகையைக் குறைக்கப் பெட்ரோல் சிக்கனமாக அளக்கப்படுகிறது. கைப்பிடியை விட்டதும் கணினி பீய்ச்சலை நிறுத்துகிறது. மீண்டும் முறுக்கும்போது அது தொடங்கும் கணத்தில் வண்டி உதறுகிறது. தளர்ந்த செயின் அதை மிகைப்படுத்துகிறது. கேபிளும் செயினும் இன்னும் பெரியவரின் கைக்கு எட்டும். மற்றவற்றைப் பார்க்கக் கருவி வேண்டும். விலையைக் கேட்டுத் திரும்பிவிட்டாராம்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது மூழ்கிய வண்டிகள் இதே பட்டறை முன் வரிசையாக நின்றன என்றார். கிண்ணத்தைக் கழற்றி, கழுவி, எண்ணெய் மாற்றி, பெரும்பாலானவற்றை ஓட வைத்தாராம். 2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் வந்தவற்றில் பலவற்றின் கணினிப் பெட்டிக்குள் நீர் புகுந்திருந்தது. "அதைக் கழுவ முடியாது சார், புதுசுதான் போடணும்." சிலர் அப்படியே விட்டுச் சென்றனராம். புகை குறைந்தது நல்லதே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வண்டியை நம்பிப் பேட்டையில் ஷிப்டு வேலைக்குச் செல்பவருக்குப் புதுப்பெட்டியின் விலை சிறிதன்று.

பேசிக்கொண்டே ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். எண் பொறித்த ஜெட்டுகள் ஐம்பதுக்கும் மேல் இருக்கும்; கண்ணாடி அணியாமலே எண்களைச் சொன்னார். நம் வண்டிக்குப் பழையதையே பூட்டிவிட்டு, "தேவைப்படும், வச்சுக்குங்க" என்று அதே எண்ணில் ஒன்றைத் தாளில் மடித்துத் தந்தார். காசு வாங்கவில்லை. குன்றத்தூர் சென்று சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தார்கள்.